பழைய வண்டியும் புதுப் பளபளப்பும்

பழைய மோட்டார்சைக்கிளை வீட்டில் வைத்துப் பிரித்துச் சீர்செய்து ஓட்டுகிறவர்களுக்கு இன்று கிடைக்கும் பெரிய பாராட்டு, “இப்பத்தான் ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரி இருக்கு” என்பது. பல காலமாக இந்த வேலையில் கைவைத்திருப்பவன் என்ற முறையில், அந்தப் பாராட்டு காதில் விழும்போதெல்லாம் எனக்கு ஏதோ பறிபோனதுபோல்தான் இருக்கிறது. அறுபதுகளில் சென்னைத் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வெளியே வந்து, காவல் நிலையத்திலோ ராணுவ முகாமிலோ வேலை பார்த்து, ஏலத்தில் கைமாறி, பால்கேனும் நெல்மூட்டையும் சுமந்து, ஊருக்கு ஒரு மெக்கானிக் கைப்பட்டு ஓடிய ஒரு புல்லட், நேற்றுப் பிறந்ததுபோல் நிற்கிறது என்றால் அந்த ஆண்டுகள் எல்லாம் எங்கே போயின? யாரோ உட்கார்ந்து அவற்றைச் சுரண்டி, ஆசிட் விட்டுக் கழுவி, பஃப் போட்டுத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்து மூடியிருக்கிறார்கள். பழைய வண்டியை மீட்பது என்றால் அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது, மேலும் கெடாமல் தடுப்பது, ஓட்டுகிறவர் உயிருக்கு ஆபத்தில்லாமல் வைப்பது. அதற்கு என்ன தேவையோ அதைச் செய்துவிட்டு, மற்றதை இருக்கிறபடி விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. புதிதாக்குவது வேறு வேலை. அதில் போனது திரும்பி வராது.

எழுபது, எண்பதுகளில் இந்த வண்டிகள் எப்படி இருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இந்தக் கட்சியின் நியாயம் பிடிபடும். அன்றைக்குப் புல்லட்டையோ ஜாவாவையோ ராஜ்தூத்தையோ யாரும் சேகரிப்புப் பொருளாக வைத்திருக்கவில்லை. அது வீட்டின் உழைப்பாளிகளில் ஒன்று. காலையில் வயலுக்கு, மதியம் சந்தைக்கு, இரவு அவசரமென்றால் ஆஸ்பத்திரிக்கு. கம்பெனி ஸ்பேர் கிடைக்காவிட்டால் வண்டி நிற்காது, மெக்கானிக் வேறு வழி கண்டுபிடிப்பார். இன்ஜின் மூடியின் பேக்கிங் கிழிந்துவிட்டதா, ஒரு ஷீட்டை அந்த அலுமினிய மூடியின் மேலேயே விரித்துப் பிடித்து, சின்னச் சுத்தியலின் உருண்டைத் தலையால் விளிம்போரமாகத் தட்டிக்கொண்டே போவார். விளிம்பின் கூர் கீழிருந்து ஷீட்டை வெட்டிக்கொண்டே வரும். போல்ட் துளைகளின் மேலும் அப்படியே ஒரு தட்டு. கத்திரிக்கோல் வேண்டாம், அளவெடுக்க வேண்டாம், மூடிக்கு மயிரிழை பிசகாத பேக்கிங் தயார். உடைந்த மட்கார்டு கம்பிக்குப் பித்தளை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் தேய்ந்தால் பழைய டயரிலிருந்து ஒரு துண்டு. இப்படி ஒட்டுப்போட்டே ஓடிய வண்டிகள் இவை. அந்த ஒட்டுகள் அவசரத்தில் போட்டவைதான், ஆனால் யோசித்துப் போட்டவை. இருபது முப்பது ஆண்டுகள் தாங்கி நின்றவற்றை இன்றைக்குக் கழற்றிப் பார்த்தால், அதைச் செய்த ஆளுக்கு உலோகமும் பாரமும் அதிர்வும் எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பது விளங்கும். அவர்களில் யாரும் எதையும் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற எழுத்தெல்லாம் வண்டிகளின் மேல்தான் இருக்கிறது.

புல்லட்டின் பிறப்புக்கதையே இந்த ஒட்டுப்போட்ட வாழ்வோடு சேர்ந்ததுதான். பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் வைத்த 350 சிசி புல்லட்டை ராயல் என்ஃபீல்ட் இங்கிலாந்தின் ரெடிச் நகரில் 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐம்பதுகளில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவாயிற்று. முதலில் பாகங்கள் பெட்டிகளில் வந்திறங்கின, இங்கே பூட்டினார்கள். 1957இல் அச்சுகளும் கருவிகளும் கப்பலேறி வந்தன. 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே தயாராகத் தொடங்கிவிட்டது. ரெடிச் ஆலை 1967இல் மூடிக்கொண்டது, சென்னையில் புல்லட் வந்துகொண்டே இருந்தது. 1977இல் திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. எழுபது மில்லிமீட்டர் போர், தொண்ணூறு மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், இரும்புச் சிலிண்டர் என்ற அந்த 346 சிசி இன்ஜினின் அடிப்படை அமைப்பு இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை தாக்குப்பிடித்தது. பிறந்தது இங்கிலாந்தாக இருக்கலாம், வாழ்நாளின் பெரும்பகுதி நம் ஊரில்தான். இதைத் தெரிந்துகொண்டே பலர் சென்னை வண்டியைப் பிரித்து, ரெடிச் காலத்துப் பீரங்கிச் சின்னத்தையும் இங்கிலாந்து எழுத்துகளையும் ஒட்டி, டேங்குக்கு இங்கே ஒருநாளும் வராத வர்ணம் அடித்து, “ஒரிஜினல் பிரிட்டிஷ்” என்று நிறுத்துகிறார்கள். விலை ஏறுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு ஊரின் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலையின் அடையாளத்தை அழித்துவிட்டு, அதன்மேல் வேறு ஊர்ப் பெயரை எழுதுவது எப்படி மீட்பாகும்?

தேய்மானம் என்றாலே குப்பை என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. தேய்மானம் செய்தி சொல்லும். பழைய புல்லட்டின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் பாயின்ட் தெரியும். கடுகளவு இரண்டு உலோக முகங்கள், நடுவே 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி, அவை பிரியும் கணத்தில்தான் பிளக்கில் பொறி பாயும். புதிய பாயின்ட்டின் விலை மிகக் குறைவு, அதனால் பார்த்தவுடன் தூக்கி எறிந்துவிட்டு வேறு மாட்டத்தான் யாருக்கும் தோன்றும். எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு முகத்தில் குழி விழுந்து, எதிர் முகத்தில் அதே அளவுக்கு மேடு கட்டியிருந்தால், உலோகம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவியிருக்கிறது என்று பொருள். கண்டென்சர் சரியில்லை. பாயின்ட்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்குத்தான் ஆளாகும். இரண்டு முகமும் நீலம் பாய்ந்து கருகியிருந்தால் எண்ணெய் கசிந்து ஏறியிருக்கலாம். முகங்கள் ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் அவை நேராகச் சந்திக்கவில்லை. பிளக்கும் இப்படித்தான் பேசும். வெளிர் காப்பிப் பொடி நிறம் என்றால் பெட்ரோலும் காற்றும் சரியான கலவை, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. இன்ஜின் மொத்தத்தையும் பிரித்துக் கொட்டி, “எல்லாமே புதுசு போட்டாச்சு” என்று பெருமைப்படுகிறவர் இந்தச் சாட்சிகளை விசாரிக்காமலே அனுப்பிவிட்டார். பிறகு வண்டி மறுபடியும் அதே இடத்தில் கோளாறு செய்யும்போது காரணம் தெரியாமல் தவிப்பார். சென்னையில் புதுப்பேட்டைக்கும் ஜி.பி. ரோட்டுக்கும் அலைகிறவர்களில் பலர் பாகத்தைத் தேடி அலைவதாக நினைக்கிறார்கள். அவர்கள் தொலைத்தது காரணத்தை.

வண்டியின் மேற்புறமும் இதே அளவுக்குச் செய்தி சொல்லக்கூடியது. நீண்ட நாள் கைமாறி வந்த புல்லட்டின் டேங்கில், அடிபட்ட ஒரு மூலையை மட்டும் வாட்டர் பேப்பரை நனைத்து மெல்லத் தேய்த்தால் வர்ணங்கள் வளையம் வளையமாகத் தெரியத் தொடங்கும். மேலே யாரோ அடித்த சிவப்பு, அதன் கீழ் மங்கிய கறுப்பு, அதற்கும் கீழ் ராணுவப் பச்சை, கடைசியாக ரெட் ஆக்சைடு. படையிலிருந்து ஏலத்தில் வந்த வண்டி என்பதற்கு அந்தப் பச்சை ஓரம் போதும், வேறு காகிதம் வேண்டியதில்லை. ஆலையிலிருந்தே கறுப்பாக வந்த வண்டி என்றால் இன்னும் நல்லது. டேங்கின் பக்கவாட்டில் ஓடும் தங்கக் கோட்டைக் கவனித்தால், வளைவில் தூரிகையை ஒரு கணம் நிறுத்தி எடுத்த இடத்தில் கோடு சற்றே தடித்திருக்கும். வலப்பக்கக் கோடும் இடப்பக்கக் கோடும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல இருக்காது. அது கையால் இழுத்த கோடு. திருவொற்றியூரில் அதை இழுப்பதற்கென்றே தேர்ந்த கைகள் இருந்தன. இன்று அந்தக் கோட்டுக்குப் பதில் ஸ்டிக்கர் ஒட்டிக் கிளியர் கோட் அடிக்கிறார்கள். கேட்டால், பழைய கோடு பாதி அழிந்துவிட்டது என்கிறார்கள். மீதிப் பாதி அங்கேதான் இருந்தது.

சாண்ட் பிளாஸ்டிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோயில் திருப்பணி என்ற பெயரில் கற்சுவர்களின் மேல் மணலை வீசிச் சுத்தம் செய்தபோது கல்வெட்டு எழுத்துகளும் சிற்பங்களின் நுட்பமும் தேய்ந்துபோயின என்று தொல்லியல் அறிந்தவர்கள் எதிர்த்தது நமக்கு நினைவிருக்கும். கோயில் சுவருக்கு எது கெடுதலோ அதுவே கிராங்க் கேஸுக்கும். வார்ப்பு அலுமினியத்தின் மேல்தோல் போய்விட்டால் எண்ணெயும் அழுக்கும் அதில் முன்னைவிட வேகமாக ஏறும். அதைவிடப் பெரிய ஆபத்து உள்ளே இருக்கிறது. புல்லட்டின் எண்ணெய்ப் பாதைகள் மெல்லிய துளைகளாக வார்ப்புக்குள்ளேயே ஓடுகின்றன. எவ்வளவு கழுவினாலும் மணல் துகள் எங்கேயாவது ஒளிந்திருக்கும், இன்ஜின் சூடாகி எண்ணெய் ஓடும்போது புறப்பட்டு பேரிங்கில் போய் உட்காரும். கண்ணாடிபோலப் பஃப் போடுவதும் உலோகத்தைச் சுரண்டுவதுதான். ஆலையில் அச்சிட்ட எழுத்து, எண், மூடிகளின் கூர் விளிம்பு எல்லாம் அதில் மழுங்கும். குரோம் புதுப்பிக்கும்போதும் பழைய முலாமை உரித்து, அடித்தகட்டைத் தேய்த்து மினுக்கிய பிறகுதான் தொட்டியில் இறக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் தகடு மெலிகிறது. மண்ணெண்ணெய் அல்லது டீசல், பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர், பொறுமை. அலுமினியத்தை இந்த அளவில் கழுவி நிறுத்திக்கொண்டால் அது பளபளக்காது, கெடவும் செய்யாது.

இன்ஜினுக்குள் இருக்கும் கணக்கு இன்னும் கறாரானது. புல்லட்டின் சிலிண்டர் தேய்ந்தால் லேத்தில் கொடுத்துப் போர் செய்து, அளவு கூடிய பிஸ்டன் போடுவார்கள். இருபது, நாற்பது, அறுபது என்று மெக்கானிக்குகள் சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு. அதாவது இரும்புச் சிலிண்டருக்கு ஆலை அளவுக்குப் பிறகு இருப்பவை ஒரு சில பிறவிகள்தான். அளந்து பார்க்காமல், “எப்படியும் இன்ஜின் இறக்கியாச்சு, போரும் போட்டுடலாம்” என்று செய்கிறவர் இன்னும் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கக்கூடிய ஒரு பிறவியை வீணாக்கிவிடுகிறார். கடைசியில் ஸ்லீவ் அடித்து மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவரலாம் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு அது ஆலை வார்த்த சுவர் இல்லை, நல்ல லேத் ஆள் கிடைப்பதும் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிறது. ஒன்றையும் மாற்றாமல் ஒழுங்கு செய்துகொள்ளக்கூடியவை இந்த இன்ஜினில் ஏராளம். டேப்பட்டையே எடுத்துக்கொள்ளலாம். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கையில், கம்ப்ரஷனில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும் நிலையில், சிலிண்டருக்கு வலப்புறம் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றினால் புஷ் ராட் கைக்கு எட்டும். அது இரண்டு விரலுக்கு நடுவே தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் துளியும் ஆடக் கூடாது. அளவு சொல்லும் கருவியே இதற்குத் தேவையில்லை, விரலுக்குத் தெரியும். டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த இன்ஜின் இதைச் செய்ததும் அடங்கிவிடுவதை வீட்டில் வண்டி வைத்திருக்கிற எல்லோரும் அறிவார்கள். வீட்டில் பழகி வரும் கலை இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளவயதில் ஒரு ரட்ஜ் மோட்டார்சைக்கிளைப் பிரித்துப் பூட்டித்தான் இயந்திரம் கற்றார் என்பது ஊரறிந்த செய்தி. பிரித்ததை அவர் பூட்டினார் என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, துரு. “வயதை மதிக்கிறேன் என்று சொல்லித் துருவை விட்டுவைத்தால் வண்டியே மிஞ்சாதே” என்பார்கள். கடற்காற்று அடிக்கும் சென்னை, கடலூர், தூத்துக்குடி பக்கம் இருக்கிறவர்கள் இதைக் கேட்பதில் நியாயம் உண்டு. துருவில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நகத்தால் கீறினால் பொடியாகவோ செதிலாகவோ உதிர்ந்து, கீழே ஈரச் சிவப்பு தெரிந்தால் அது இன்னும் தின்றுகொண்டிருக்கும் துரு. அதை விடவே கூடாது. உதிரும் இடத்தை மட்டும் சுரண்டி, துருமாற்றி தடவி, தேவைப்பட்டால் அந்த இடத்துக்கு மட்டும் வர்ணம் வைக்க வேண்டும். கரும்பழுப்பாக, கெட்டியாக, தடவினால் கையில் ஒட்டாமல் கிடப்பது பெரும்பாலும் அடங்கிய துரு. எண்ணெய்த் துணியால் துடைத்து, மெழுகு பூசி, ஈரம் படாமல் வைத்தால் அது மேலே போகாது. டேங்கின் உட்புறத்தில் இந்தச் சலுகைக்கு இடமில்லை, அங்கே எந்தத் துருவும் கார்புரேட்டர் ஜெட்டில்தான் போய் முடியும். இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பர் வாஷர்களையும் குழாய்களையும் ஊறவைத்துவிடும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவது நல்லது. இவ்வளவையும் செய்கிறவரைத் துருவை வளர்க்கிறவர் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது மறுப்பு பாதுகாப்பு பற்றியது. அதில் எனக்கு எதிர்வாதமே இல்லை. டயர் பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ரப்பர் விறைத்திருந்தால் மாற்றியே தீரவேண்டும். பிரேக் கட்டை, கிளட்ச் கேபிள், பிரேக் ராடு, ஸ்போக்ஸ், செயின், இவற்றில் பழமையைப் போற்றுவது மடமை. உறை வெடித்த பழைய வயர்கள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடித்தால், நாம் காக்க நினைத்த எல்லாமே அரை மணி நேரத்தில் கரியாகிவிடும். அந்தக் காலப் புல்லட்டின் டிரம் பிரேக் இன்றைய போக்குவரத்துக்காகச் செய்யப்பட்டதில்லை. அதைப் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைத்து, முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டு ஓட்டுகிறவருக்குத்தான் அது சரிப்படும். வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக் என்ற பழைய ஏற்பாட்டை இன்றைய வண்டிகளைப்போல மாற்றிக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். வீட்டில் இருக்கும் வேறு வண்டியையும் தினம் ஓட்டி, அவசரத்தில் கால் தடுமாறுகிறவராக இருந்தால் மாற்றிக்கொள்ளட்டும். உயிரைவிட எதுவும் பெரிதில்லை. ஆனால் மாற்றுவது சட்டத்தில் வெல்டிங் வைக்காமலும் துளை போடாமலும், நாளை ஒருவர் பழையபடி பூட்டிக்கொள்ளக்கூடிய விதத்திலும் இருக்க வேண்டும். ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டாக்குவதும், பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பதும் இதே வரம்புக்குள் வந்தால் எனக்குச் சம்மதம்தான்.

மூன்றாவது மறுப்பு நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஆலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே, ஒரு நட்டு போல்ட் மாறாமல் கொண்டுவருவதுதான் உண்மையான மீட்பு, ஊர் மெக்கானிக்கின் ஒட்டுவேலைகளைப் போற்றுவது சோம்பேறித்தனம் என்கிறவர்கள் இவர்கள். உழைப்பில் இவர்களை மிஞ்ச ஆளில்லை, அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் “ஆலையிலிருந்து வந்தபடி” என்று ஒற்றை வடிவம் ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். நீண்ட காலம் ஒரே அமைப்பில் வந்த வண்டி என்பதால், இடையில் கார்புரேட்டர் மாறியது, மின்பாகங்கள் மாறின, போல்ட்டுகளில் பழைய இங்கிலாந்து அங்குலப் புரியும் பின்னால் வந்த மெட்ரிக் புரியும் கலந்தன. ஒரே வண்டியில் இரண்டு வகை ஸ்பேனரும் தேவைப்படுவது புல்லட் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன விஷயம். பிறந்த நாளின் நிலைதான் உண்மை, பிறகு வாழ்ந்ததெல்லாம் பொய் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. இது என் ஒருவனுடைய எண்ணமும் இல்லை. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், கட்டடக் காப்புக்காக 1964இல் எழுந்த வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, வாகனத்தின் வாழ்க்கை வரலாற்றையும் காக்க வேண்டிய பொருளாகவே பார்க்கிறது. நம் நாட்டில் 2021இல் வந்த விதியும் இந்தப் பக்கமே சாய்கிறது. முதல் பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களைத்தான் அது விண்டேஜ் என்று ஏற்கிறது. மூல வடிவில் பராமரிக்கப்பட்டு, சட்டத்திலும் இன்ஜினிலும் பெரிய மாற்றத்துக்கு ஆளாகாமல் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. இருபதாயிரம் ரூபாய் கட்டணம், பத்தாண்டுக்கான பதிவு, விஏ என்ற எழுத்துடன் தனி எண். பளபளப்புக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

அந்த விதியின் இன்னொரு கூறையும் கவனிக்க வேண்டும். இப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக் கூடாது. பழைய வண்டி புகை கக்கும், ஊர்க்காற்றைக் கெடுக்கும் என்ற நான்காவது மறுப்புக்கு இதில் பாதி விடை இருக்கிறது. இரண்டு ஸ்ட்ரோக் ஜாவாவும் ராஜ்தூத்தும் பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிப்பவை, புகை வரத்தான் செய்யும். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. எப்போதாவது கொஞ்ச தூரம், சரியாக டியூன் செய்து ஓட்டுவதே முறை. ஆனால் ஓட்டாமலே வைக்கலாமே என்றால் அதை ஏற்க முடியாது. நிறுத்திவைத்த இன்ஜினில் ஆயில் சீல்கள் காய்ந்து சுருங்கும், ஜெட்டுக்குள் பெட்ரோல் பிசினாகும், பாயின்ட் முகம் களிம்பேறும். புல்லட்டில் தொட்டியிலிருக்கும் எண்ணெய் மெல்ல இறங்கி கிராங்க் கேஸின் அடியில் தேங்கிவிடும், மறுபடி கிளப்பும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை மண்டும். கண்ணாடிக்குள் வைத்த வண்டி பார்க்க அப்படியே இருக்கும், உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும். ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரசரைப் பிடித்துப் பிஸ்டனை மேட்டைத் தாண்டவிட்டு, பிறகு முழு எடையையும் போட்டு ஒரே மிதி. இந்தச் சடங்கு மறந்துபோனால், எத்தனை அழகாக வண்டி நின்றாலும் அதில் ஒரு பகுதி இல்லாமல் போய்விடுகிறது. அது ஓட்டுகிறவர் காலில் இருக்கும் பகுதி, அதை எந்தப் பட்டறையிலும் திரும்பச் செய்து வாங்க முடியாது.

“என் வண்டி, என் பணம், என் இஷ்டம்” என்பது கடைசி வாதம். சட்டப்படி இதற்குப் பதில் கிடையாது. ஒருவர் தன் புல்லட்டைத் தங்க முலாம் பூசி வைத்துக்கொண்டாலும் கேட்க யாருக்கும் உரிமையில்லை. நான் கேட்டுக்கொள்வதெல்லாம் அதற்கு அவரே கொடுக்கப்போகும் விலையை எண்ணிப் பார்க்கச் சொல்லித்தான். பவுடர் கோட்டிங்கைத் தடிமனாக அடித்த சட்டத்தில் சேசிஸ் எண்ணின் பள்ளம் நிரம்பிவிடுகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து பதியாது, அல்லது எட்டு மூன்றாகப் பதியும். பஃப் போட்டதில் இன்ஜின் எண் மழுங்கியிருந்தால் சந்தேகமே வந்துவிடும். எத்தனையோ நேர்மையான வண்டிகள் இதனால் காகிதம் புதுப்பிக்க முடியாமல் நிற்கின்றன. கழற்றிப்போட்ட பழைய பாகங்களின் கதை இன்னும் வேதனையானது. மைசூரில் 1960இல் தொடங்கிய ஐடியல் ஜாவா கம்பெனி, 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் வண்டி விட்டு, 1996இல் மூடியது. 2018இல் ஜாவா என்ற பெயர் திரும்பி வந்தபோது அது நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினோடு வந்த முற்றிலும் வேறு வண்டி, அதன் பாகம் எதுவும் பழையதற்குச் சேராது. மூடிய ஆலையின் வண்டிக்கு, முன்பு யாரோ “மங்கிப்போச்சு” என்று இரும்புக்கடையில் எடைக்குப் போட்ட ஹெட்லைட் வளையமும் டேங்க் மூடியும்தான் இன்று ஒரே உண்மையான ஸ்பேர். சந்தையில் கிடைக்கும் புதிய நகல் பாகங்கள் பார்வைக்கு மினுங்கும். தகட்டைக் கையில் எடுத்தாலே கனம் குறைவது தெரியும், துளைகள் நேர் வராது, முலாம் ஒரு மழைக்காலத்தில் கொப்புளிக்கும். மங்கிய பழைய வளையம் இன்னும் முப்பது ஆண்டு தாங்கியிருக்கும்.

ஆகவே வீட்டில் இந்த வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு ஸ்பேனர் செட்டுக்கு முன்னால் வாங்க வேண்டியது ஒரு தடித்த நோட்டும், மூடியுள்ள தகரப் பெட்டி ஒன்றும். எதைத் தொடுவதற்கு முன்னாலும் நாலா பக்கமும் படம் எடுத்துவிட வேண்டும். கழற்றும் ஒவ்வொரு வாஷரும் எந்த இடத்தில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, எந்த வயர் எதோடு முறுக்கியிருந்தது, எது நகல், எது மூலம், எதை ஏன் மாற்றினோம் என்பதெல்லாம் தேதியோடு நோட்டில் ஏற வேண்டும். மாற்றிய பழைய பாகங்களைத் துடைத்து, எண்ணெய் பூசி, காகிதத்தில் சுற்றிப் பெயரெழுதிப் பெட்டியில் போட வேண்டும். டயர் துண்டில் வெட்டிய ஃபுட்ரெஸ்ட் ரப்பருக்கும் பித்தளை ஒட்டிய கம்பிக்கும் அந்தப் பெட்டியில் இடம் உண்டு. வண்டியை என்றைக்காவது விற்பதாக இருந்தால் ஆர்.சி. புத்தகத்தோடு நோட்டும் பெட்டியும் சேர்ந்தே போக வேண்டும். வாங்குகிறவர் அதற்குத் தனியாக விலை தரமாட்டார், தராவிட்டாலும் கொடுத்துவிடலாம்.